உழைக்கும் உடலின் கணக்கு யார் கையில்?

(தஞ்சாவூரில் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஊரில் யாராவது "என்ன ஆராய்ச்சி பண்றே?" என்று கேட்டால் "பிசியாலஜி" என்பேன். "பிசியோதெரபியா? எனக்கு முட்டிவலி, ஏதாவது சொல்லேன்" என்பார்கள். கோபித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. பிசியாலஜி, அதாவது உடலியங்கியல், தனியாகப் படிக்கக்கூடிய ஒரு பாடம் என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. இந்தப் பாடத்தை ஏன் நம் பிள்ளைகள் ஆழமாகப் படிக்க வேண்டும், படிக்க வழி இருக்கிறதா, இல்லையென்றால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் பாடம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காவிரி எங்கே பிரிகிறது, வெண்ணாறு எங்கே போகிறது, கல்லணைக் கால்வாய் எந்த ஊர் வழியாக ஓடுகிறது என்று வரைபடம் போட்டால் அது உடற்கூறியல். எந்த மதகை எப்போது திறப்பது, எவ்வளவு தண்ணீர் விடுவது, பற்றாக்குறை வந்தால் யாருக்கு முறை வைப்பது, கடைமடைக்குத் தண்ணீர் சேருமா என்று கேட்டால் அது உடலியங்கியல். உடலும் முறைப்பாசனம்தான் நடத்துகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. கடுமையாக வேலை செய்யும்போது பெரும்பங்கு தசைகளுக்குத் திரும்புகிறது. வெயிலும் சேர்ந்துவிட்டால் தோலும் தன் பங்கைக் கேட்கிறது, ஏனென்றால் உள்ளே உண்டாகும் சூட்டைத் தோல் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். தசையும் தோலும் இழுக்க இழுக்க, குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தம் குறைகிறது. வெயிலில் உழைக்கும் உடலில் சிறுநீரகம்தான் கடைமடை.

இதை நம் வயலுக்குக் கொண்டுபோவோம். குறுவை நடவு நேரம். ஒரு பெண் குனிந்து நடுகிறார். காலடியில் சேறும் தண்ணீரும், முதுகில் வெயில். தசைக்குக் கிடைக்கும் ஆற்றலில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மீதி சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற வியர்வை வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் ஆவியாக வேண்டும். தண்ணீர் நிற்கும் வயலில், புழுக்கத்தில், வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடலிலிருந்து தண்ணீரையும் உப்பையும் மட்டும் பறித்துக்கொண்டு போகிறது. வரப்போரத்தில் கழிப்பறை கிடையாது. அதனால் அவர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். கடைமடைக்கு வரும் தண்ணீர் இன்னும் குறைகிறது.

இத்துடன் ரத்தசோகையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் 5ஆம் சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 12 கிராம் இருந்தால் 16 மில்லிலிட்டர் ஆக்சிஜன். 8 கிராம்தான் என்றால் 11க்கும் கீழே. மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அதே வேலையைச் செய்ய அவருடைய இதயம் அடித்து அடித்து ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை மற்றவர்களைவிட முன்னதாகவே அவர் தொட்டுவிடுகிறார்.

வரப்பில் குடை பிடித்து நிற்கும் பண்ணையாரின் காரியக்காரர் என்ன சொல்வார்? "இவளுக்கு வேலை ஓடாது, சோம்பேறி." எங்கள் அம்மா நடவுக்குப் போனவர். இந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்தச் சொல்லுக்குக் கோபத்தால் பதில் சொல்லலாம். நம் முன்னோர் சொன்னார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது கூலிக்கான அந்தப் போராட்டத்தின் நடுவில்தான். கோபத்தோடு சேர்த்துக் கணக்காலும் பதில் சொல்லலாம் என்கிறேன். "சோம்பேறி" என்று நீ சொல்லும் இந்த உடல், ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தும் உன் வயலை நட்டு முடிக்கிறது என்று எழுதிக் காட்ட முடியும். அப்படி எழுதத் தெரிந்தவர் நம் தெருவிலிருந்து வர வேண்டும்.

ஏன் இதுவரை அதிகம் வரவில்லை? இதற்குத் தஞ்சாவூரிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. மன்னர் இரண்டாம் சரபோஜி அறிவியலில் ஆர்வம் கொண்டவர். கண் நோயாளிகளின் குறிப்புகளைப் படங்களோடு எழுதி வைக்கச் செய்தவர். அந்த ஏடுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அவருக்கு உடற்கூறியல் படிக்க ஆசை. ஆனால் மனித எலும்பைக் கையாள்வது தீட்டு. அதனால் தந்தத்தில் செதுக்கிய எலும்புக்கூட்டை வைத்துப் படித்தார் என்று அவரைச் சந்தித்த ஐரோப்பியப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். யானைத் தந்தம் தீட்டில்லை, மனித எலும்பு தீட்டு! 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தின் மேல் கத்தி வைத்தது ஒரு பெரிய புரட்சியாகப் பேசப்பட்டது. யாருக்குப் புரட்சி? செத்த மாட்டை அப்புறப்படுத்தியவர்களுக்கும், பிணத்தைச் சுமந்து எரித்தவர்களுக்கும், பிரசவம் பார்த்தவர்களுக்கும் உடலைத் தொடுவது தினசரி வேலை. அவர்கள் தொட்டார்கள், அதற்காகவே தள்ளி வைக்கப்பட்டார்கள். தொடாதவர்கள் அறிவுடையவர்கள் ஆனார்கள்.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936லேயே சொல்லிவிட்டார். உடல் விஷயத்தில் அது இப்படி வேலை செய்கிறது: உடலைத் தொடுபவர் ஒருவர், உடலை அறிபவர் இன்னொருவர். இன்றைக்கும் அரசு மருத்துவமனைப் பிணவறையில் உடலைத் திறந்து தைப்பவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போடுபவர் வேறு.

எனக்கும் இதில் அனுபவம் உண்டு. நான் முதலில் வேலை செய்த ஓர் ஆய்வகத்தில் எலிக்கூண்டு சுத்தம் செய்யும் வேலை முதல் வாரமே வந்துவிட்டது. அளவிடும் கருவியை நானே இயக்குவதற்கு எட்டு மாதம் ஆனது. என்னோடு சேர்ந்த இன்னொருவருக்கு இந்த வரிசை தலைகீழாக இருந்தது. உடலியங்கியலை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தப் பாடத்தில் கையையும் மூளையையும் பிரிக்க முடியாது. நாடி பிடிக்கத் தெரியாதவர் இதயத்துடிப்பின் சமன்பாட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

அறிவியல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. யார் படிக்கிறார்கள், யாரை அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அறிவியலும் சாயும். சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1975இல் ஒரு "மாதிரி மனிதரை" வரையறுத்தது: 20 முதல் 30 வயது, 70 கிலோ எடை, 170 சென்டிமீட்டர் உயரம், வெள்ளையர், மேற்கு ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ வாழ்பவர். இன்றும் பாடப்புத்தகத்தில் எந்தக் கணக்கு வந்தாலும் "70 கிலோ எடையுள்ள ஓர் ஆண்" என்றுதான் தொடங்குகிறது. நம் நாட்டிலும் ஐ.சி.எம்.ஆர். தன்னுடைய மாதிரி ஆணின் எடையை 2020இல் 60 கிலோவிலிருந்து 65 ஆக உயர்த்தியது; பெண்ணின் எடையை 55 கிலோவாக வைத்தது. 40 கிலோ எடையோடு நாற்றுமுடி சுமக்கும் பெண் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார்?

இன்னொரு எடுத்துக்காட்டு. நுரையீரலில் எவ்வளவு காற்று கொள்ளும் என்று அளக்கும் ஸ்பைரோமீட்டரை 1840களில் இங்கிலாந்தில் ஜான் ஹட்சின்சன் உருவாக்கினார். சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் அதை அடிமைகள் மேல் வைத்து அளந்தார். கருப்பர்களின் நுரையீரலே இயல்பாகக் கொள்ளளவு குறைந்தது, தோட்டத்தில் கட்டாய வேலை வாங்குவது அவர்கள் உடம்புக்கு நல்லது என்றார். ஆண்டையும் அறிவியலும் ஒரே மேசையில் உட்கார்ந்த கதை அது. "கருப்பர்களுக்குக் குறைவாக இருப்பதுதான் இயல்பு" என்ற திருத்தம் கருவிக்குள்ளேயே தங்கிவிட்டது. 1999இல்கூட பால்டிமோரில், ஆஸ்பெஸ்டாஸால் நுரையீரல் கெட்ட கருப்பினத் தொழிலாளர்கள் இழப்பீடு கேட்க வேண்டுமானால் வெள்ளையரைவிட அதிகம் கெட்டிருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று ஒரு நிறுவனம் நீதிமன்றத்தில் வாதாடப் பார்த்தது. நிறம் பார்க்காத கணக்கையே பயன்படுத்துங்கள் என்று அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் சொன்னது 2023இல்தான். யாரோ உள்ளே போய், அளவீட்டைத் திறந்து பார்த்து, "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டதால்தான் அது மாறியது. வெளியே நின்று கேட்டிருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்திலும் உள்ளே போனவர்கள் உண்டு. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தாய் இசை வேளாளர். மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்த்தபோது எதிர்ப்பு கிளம்பியது. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தார். அது ஓர் ஆராய்ச்சி நிறுவனமாகவும் வளர்ந்தது. தன் வீட்டில் விழுந்த இடியை ஆராய்ச்சிக் கேள்வியாக மாற்றியவர் அவர். மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் இல்லாமலேயே சிறுநீரகம் செயலிழந்து செத்துக்கொண்டிருந்தார்கள். 2002இல் எல் சால்வடார் மருத்துவர்கள் அதை எழுதினார்கள். வெயிலும் கடும் உழைப்பும் நீரிழப்பும் அதில் பெரும்பங்கு வகிப்பதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றும் கொடுத்தால் பாதிப்பு குறைவதையும் அங்கே காட்டியிருக்கிறார்கள். தண்ணீர், ஓய்வு, நிழல்: இது எந்த விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் வரக்கூடியதுதானே? நம் மாநில அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்லது. ஆனால் வயலில் விழுந்து செத்தவர் வெயிலால்தான் செத்தார் என்று யார் நிரூபிப்பது? அதற்கு நம் வயல்களின் அளவீடு வேண்டும்.

சரி, எங்கே படிப்பது? மேற்கு வங்கத்தில் உடலியங்கியலை ஹானர்ஸ் பட்டமாகச் சாதாரணக் கல்லூரிகளிலேயே படிக்கலாம். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் 1900இலேயே அதற்குத் துறை வந்துவிட்டது. நம் டெல்டா அரசுக் கல்லூரிகளில் அதை ஒரு தனிப் பட்டமாக நான் பார்த்ததில்லை. விலங்கியலில் ஒரு தாளாக வந்து ஒரு பருவத்தில் போய்விடும். தஞ்சாவூரையே பாருங்கள். 1955இல் வந்த சரபோஜி அரசுக் கல்லூரி ஒரு பக்கம், 1959இல் வந்த மருத்துவக் கல்லூரி இன்னொரு பக்கம். ஒரே ஊர். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் துறையும் ஆய்வகமும் உண்டு. சரபோஜி கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மாணவி அந்த வாசலைத் தாண்ட முடியாது. அந்த வாசலில் நீட் நிற்கிறது. அந்த வாசலில்தான் 2017இல் அரியலூர் அனிதாவை இழந்தோம்.

நீட்டுக்கு எதிரான போராட்டம் தொடர வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளையிடம் "உனக்கும் உடலுக்கும் இனி சம்பந்தமில்லை" என்று சொல்லிவிடுகிறோமே, அதை ஏற்க முடியாது. நோயைப் பற்றிய அறிவை உண்டாக்குவது மருத்துவர்கள் மட்டும் அல்ல. எம்.பி.பி.எஸ். இல்லாமலும் உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கு வழி உண்டு. விலங்கியல், உயிர்வேதியியல் போன்ற ஒன்றில் பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி. மருத்துவ உடலியங்கியலுக்குப் போகலாம். ஜிப்மர், டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் அது இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அடிப்படை மருத்துவ அறிவியலுக்கென்றே ஒரு நிறுவனம் உண்டு. ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிர் அறிவியல் பாடத்திட்டத்தில் உடலியங்கியல் ஒரு முழு அலகு. ஐ.சி.எம்.ஆர். தனியாக ஒரு தேர்வு நடத்துகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆராய்ச்சி உதவித்தொகையும் இருக்கிறது.

வழியில் முள்ளும் இருக்கிறது. மருத்துவம் படிக்காத எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்தவர்கள் மருத்துவக் கல்லூரிகளில் உடலியங்கியல் ஆசிரியர்களாக 30 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்தது. 2020இல் வந்த விதி அதை 15 ஆக்கியது. அதற்குப் பிறகும் விதிகள் மாறுகின்றன. சேரும் முன் நடப்பு விதியைப் படியுங்கள். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும். "இன்னும் படிச்சு முடிக்கலையா?" என்று வீட்டில் கேட்பார்கள். முப்பது வயதைத் தாண்டியும் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் மறைத்து உங்களை அழைத்தால் அது ஏமாற்று.

ஹானர்ஸ் பட்டம் நம் ஊருக்கு வரும்வரை அதன் ஆழத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள முடியும். ஹானர்ஸ் என்றால் என்ன? ஒரே பாடத்தை அடி வரை தோண்டுவது. 11ஆம் வகுப்பு விலங்கியல் புத்தகத்திலேயே சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம், நரம்பு எல்லாம் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்தவர்கள் அதை இன்னொரு முறை எடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் "எவ்வளவு?" என்று கேளுங்கள். சிறுநீரகம் வடிகட்டுகிறது என்றால் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? ஏறக்குறைய 180 லிட்டர். அதில் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது, மீதி திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஏன் இத்தனை வடிகட்டித் திரும்ப எடுக்க வேண்டும்? இந்தக் கேள்வி வந்த இடத்தில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது. இயற்பியலையும் கணக்கையும் கைவிடாதீர்கள். ரத்த அழுத்தம் இயற்பியல், நரம்பில் ஓடுவது மின்னழுத்தம். புள்ளியியல் தெரியாமல் எந்த ஆய்வையும் நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

கையால் அளக்கப் பழகுங்கள். ரத்த அழுத்தமானி, ஸ்டெதஸ்கோப், நிறுத்துக் கடிகாரம், ஈரக்குமிழ் வெப்பமானி: இவ்வளவு போதும் தொடங்க. படியில் ஏறி இறங்குவதற்கு முன்னும் பின்னும் உங்கள் நாடியையே எண்ணி, அது இயல்புக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு மாதம் எழுதுங்கள். ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் எந்த மனித உடலும் நீண்ட நேரம் தாங்காது என்று 2010இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து அமெரிக்காவில் சோதித்தபோது எல்லை அதைவிடக் கீழே, 31 டிகிரியை ஒட்டியே வந்துவிட்டது. நம் வயலில் நடவு நாளில் அது எவ்வளவு என்று பாருங்கள். ஆனால் ஒன்று: அம்மாக்களையும் அக்காக்களையும் அளக்கப் போனால் முதலில் எதற்கென்று சொல்லி, அவர்கள் சம்மதத்தைக் கேட்டு, ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலோடும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் செய்யுங்கள். முடிவை அவர்களிடமே திரும்பக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். நம் மக்கள் அளக்கப்படும் பொருளாக இருந்தது போதும்.

அரசிடம் கேட்க வேண்டியது இது. டெல்டாவின் அரசுக் கல்லூரி ஒன்றில் உடலியங்கியலை முழுப் பட்டமாகத் தொடங்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தை அந்த மாணவர்களுக்கு வாரத்தில் சில நாளாவது திறந்துவிட வேண்டும். உழைப்பின் உடலியங்கியல் அதில் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும். நெல்லுக்கு ஆடுதுறையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த நெல் எத்தனை நாளில் விளையும், எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று பல பத்தாண்டுகளாக அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த நெல்லை நட்ட கைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று அளக்க ஒரு நிலையம் இருக்கிறதா? பயிருக்குக் கொடுத்த கவனத்தைப் பயிரிட்டவருக்கும் கொடு என்று கேட்பது அதிகமா?

தோழர்களே, இங்கே பிளஸ் டூ முடித்தவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்தத் தேர்வு, விண்ணப்பக் கடைசி நாள் எது என்று உட்கார்ந்து பேசுவோம். நான் பேப்பரும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.